தொட்டிக்குள் கோமு

கோமுவின் வலது மணிக்கட்டு மரத்துப்போகிற விஷயம் வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், மருமகள் அனுராதாவுக்கு. போன வாரம் கோமுவின் கையிலிருந்து சாம்பார்ச் சட்டி நழுவி அடுப்படி முழுக்க முருங்கைக்காய் மிதந்தது. அன்றைக்கே அனுராதா மாமியாரைப் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிட்டாள்.

நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர். அமுக்குகிற வேலை, பிசைகிற வேலை எதுவும் இனிக் கூடாது, செய்தால் கரண்டி பிடிக்கக்கூடக் கை வராமல் போய்விடும் என்றார்.

மாவு அரைக்கக் கிரைண்டர் வந்துவிட்டது. துணி துவைக்க மிஷின் வந்துவிட்டது. சிவசைலத்தின் கால்களை அமுக்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.

சிவசைலம் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ஸ்ரீவைகுண்டத்து வயல் வரப்பிலிருந்து சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து இடது காலில் பலமாக அடி வாங்கிக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. சதைக்குள் ஒரு முடிச்சு மட்டும் நின்றுபோயிற்று. அன்று தொட்டு, சாயங்காலச் செய்தி முடிந்ததும் அவர் கட்டிலில் காலை நீட்டுவதும், கோமு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதும் வழக்கமாகிவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மற்ற நேரத்தில் சிவசைலத்தின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது பெரும்பாடு. 'ம்', 'சரி', 'காபி'. இவ்வளவுதான் அவருடைய தமிழ். காலை அமுக்கும்போது மட்டும் மனுஷன் பேசுவார். எப்போதோ தாசில்தாரோடு போட்ட சண்டை, திசையன்விளை லாட்ஜில் மூட்டைப்பூச்சி கடித்த கதை, மகன் பாலசுப்பிரமணியன் மகாராஜ நகரில் கட்டுகிற வீட்டில் கொத்தனார் செய்கிற கோளாறுகள் எல்லாம் அப்போதுதான் வரும். கோமுவுக்கு அந்த நேரம் வேண்டும். கையும் வேண்டும். இரண்டில் ஒன்று போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவள் புருஷனிடம் வாய் திறக்காமல் இருந்தாள்.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து மகள் விஜயஸ்ரீ போனில் ஒரு வழி சொன்னாள். சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறதாம், அதற்குள் உட்கார்ந்தால் தண்ணீரே பீய்ச்சியடித்துக் காலை அமுக்கிவிடுமாம். அனுராதா அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வண்ணார்பேட்டையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் காந்திமதிநாதனிடம் விசாரித்தாள். அவரும் சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி வைப்பதாகவும், அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்தே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

"அவுக சரின்னு சொல்லணுமே" என்றாள் கோமு.

"சொல்லுவாங்க அத்தை. உக்காந்து பாத்தாச் சொல்லாம எப்படி?" என்றாள் அனுராதா.

சனிக்கிழமை காலை. பாலசுப்பிரமணியன் மண்வெட்டிக்காரனைப் போனில் அதட்டிக்கொண்டே இட்லி சாப்பிட்டுவிட்டுப் புதுவீட்டுக்குக் கிளம்பினான்.

"இன்னைக்குக் கீழ் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுதாங்க. ஒரு ஆள் தொட்டிக்குத்தான் எடம் விட்டிருக்கேன். நீங்க பாட்டுக்குப் பெரிசா எதையும் பாத்துட்டு வந்து நிக்காதீங்க" என்று அனுராதாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான்.

அனுராதா காரை வெளியே எடுத்து நிறுத்தினாள். பின் சீட்டில் கோமு ஏறிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து சிவசைலம் வந்தார். அனுராதா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். மடித்துக் கட்டிய பழைய வேட்டி. தோளில் துண்டு. ஒரு கையில் மாற்றுவேட்டி, மறு கையில் காகிதத்தில் மடித்த சீயக்காய்த்தூள். வெயில் பட்டு மாமனார் தகதகவென்று மின்னினார்.

"மாமா, என்ன இது?"

"எது?"

"எண்ணெய்!"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

"பெறவென்ன? சுடுதண்ணியில உக்காந்து பாக்கணும்னு நீதான சொன்ன? சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெ தேய்க்காம எவனாவது சுடுதண்ணியில எறங்குவானா?"

ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி. அந்த வீட்டில் கிழமை தவறி யாரும் எண்ணெய் தேய்த்ததில்லை. மிளகும் சீரகமும் போட்டு அந்த எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்ததே கோமுதான். அவளுக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. அனுராதாவின் கவலையெல்லாம் கார் சீட்டைப் பற்றித்தான். உள்ளே ஓடிப்போய்ப் பழைய ஜமுக்காளம் ஒன்றை எடுத்து வந்து முன்சீட்டில் விரித்தாள்.

காந்திமதிநாதனின் கடையில் நுழைந்ததும் வரிசையாகக் கழிப்பறைப் பீங்கான் கோப்பைகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. தொட்டிகள் பின்கட்டில். மூன்று இருந்தன.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி" என்று கடைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம். எண்ணெய் வாடை அடித்திருக்க வேண்டும், மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். ஆனால் யாவாரம் என்று வந்துவிட்டால் வாடை எல்லாம் ஒரு பொருட்டா?

"இது சின்னது. நாற்காலியில உக்காந்துக்கிட்டு முழங்கால் வரைக்கும் உள்ள விட்டுக்கலாம். ஹால்லயே போட்டுக்கிடலாம். ஆனா குமிழி வருமே தவிர, அமுக்கு இருக்காது. இது ஒரு ஆள் உக்காருறது. முதுகுக்கு, கெண்டைக்காலுக்கு, பாதத்துக்குன்னு தனித்தனியா ஓட்டை இருக்கு. அங்கன இருந்து தண்ணி பீய்ச்சி அடிக்கும். பம்பாய்ச் சரக்கு. அந்தா பெரிசு, ரெண்டு ஆள் உக்காருறது. ஓட்டல்காரங்க கேட்டாங்கன்னு எறக்கினேன்."

சிவசைலம் நிலம் அளந்த ஆள். தொட்டியையும் விடுவாரா? விளிம்பின் உயரத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். இவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்தால் தொடை பிடித்துக்கொள்ளுமே என்றார். படி ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றார் காந்திமதிநாதன். கரண்ட் போனால் என்ன செய்வது என்றார். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றார் காந்திமதிநாதன். போர் தண்ணீர் ஊற்றலாமா என்றார். போர் தண்ணீர் உப்பு, ஓட்டை அடைத்துவிடும், ஆற்றுத்தண்ணீர்க் குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்றார்.

கேள்விகள் நியாயமாகவே இருந்தன. அனுராதாவுக்கு நம்பிக்கை வந்தது. ஒரு ஆள் தொட்டியில் தண்ணீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"சரி. பாத்துருவோம்" என்று சிவசைலம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

அப்போதுதான் காந்திமதிநாதன் அவருடைய முழங்காலில் எண்ணெய் மினுங்குவதைக் கவனித்தார்.

"அண்ணாச்சி, எண்ணெ தேச்சிருக்கீங்களா?"

"ஆமா. சனிக்கிழமைல்லா?"

"ஐயோ, எண்ணெயோட எறங்கக் கூடாது அண்ணாச்சி. ஊத்துன தண்ணிதான் திரும்பத் திரும்ப மோட்டாருக்குள்ள போயிட்டு வெளிய வரும். எண்ணெ உள்ள போனா குழாய் பூரா பிசுக்கு ஏறிரும். மோட்டாரே போயிரும்."

"மேல சீயக்காயைப் போட்டுட்டா?"

"சீயக்காயா!" காந்திமதிநாதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

சிவசைலம் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"எண்ணெயும் ஆகாது, சீயக்காயும் ஆகாது. பெறகு அது என்ன வே குளி?"

பொட்டலத்தை இறுக்கி மடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்கு இது சரிப்படாது. வாங்க போவோம். கோமு கை இருக்கும்போது எனக்கு இந்தச் சவம் எதுக்கு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. கோமு வலது கையைச் சேலைத்தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் காபி ஆற்றும்போதே மூன்று விரல்கள் மரத்திருந்தன. இன்று சாயங்காலமும் அமுக்க வேண்டும். நாளையும் வேண்டும். டாக்டர் சொன்ன கரண்டி அவள் கண் முன்னால் வந்தது.

அனுராதா மாமியாரின் கையைப் பார்த்தாள். அவளுக்கு அங்கேயே போட்டு உடைத்துவிடலாமா என்று இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாமியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்ததால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மூளை சும்மா இருக்கவில்லை.

"மாமா, அத்தை நேத்தே எண்ணெய்க் குளி முடிச்சாச்சு. அவங்க மேல எண்ணெய் கிடையாது. அத்தை உக்காந்து பாக்கட்டுமே. ஒங்க காலைப் பத்தி அவங்களை விட யாருக்குத் தெரியும்?"

சிவசைலம் யோசித்தார். ஆபீஸ் கேஸ் கட்டுக்குள் புதிதாக ஒரு காகிதம் சேர்ந்தால் அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிற ஆள் அவர்.

"அதுவும் சரிதான். எனக்கு எங்கன புடிக்கும், எங்கன வலிக்கும்னு அவளுக்குத்தான் அத்துபடி. போ கோமு. உக்காந்து பாத்துச் சொல்லு."

ஆண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். பலகைத் தடுப்பின் கதவை அனுராதா சாத்தினாள். ஆற்றில் இறங்குகிற மாதிரி பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மருமகளின் தோளைப் பிடித்து, கோமு பைய உள்ளே இறங்கினாள். சூடு இதமாக இருந்தது. அனுராதா பொத்தானை அமுக்கினாள்.

தொட்டி உறுமியது. கோமு "யம்மா" என்று கத்திவிட்டாள்.

"என்ன? என்ன?" என்றார் சிவசைலம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஒண்ணுமில்ல. தண்ணி அடிக்கி."

"எங்கன அடிக்கி?"

"முதுகுல."

"முதுகுல எனக்கு என்ன கெடக்கு? காலைச் சொல்லு."

"கெண்டைக்கால்ல அடிக்கி. உள்ளங்கால்லயும் அடிக்கி."

"எந்தக் காலுல?"

"ரெண்டுலயுந்தான்."

"ம்."

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது. கெண்டைக்காலில் தண்ணீர் குத்திக் குத்தி விட, உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. அப்படி ஒன்று இறுகிக் கிடந்ததே அது விடும்போதுதான் கோமுவுக்குத் தெரிந்தது. விடியுமுன் எழுந்து அடுப்படியில் நிற்கிற கால்கள். பந்தி பரிமாறி நின்ற கால்கள். அவற்றை யாரும் தொட்டதில்லை. அவளே தொட்டதில்லை, மஞ்சள் பூசுகிற நேரம் தவிர. அழுகை வந்தது. தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை, கால்ல என்ன இப்படி நீலமாப் புடைச்சிருக்கு?" என்றாள் அனுராதா குனிந்து பார்த்து.

"அது கெடக்கும்."

"எப்ப இருந்து?"

"நான் எங்க பாத்தேன்?"

பலகை மேல் டொக் டொக்கென்று விரல் தட்டியது.

"ஏளா, சத்தத்தையே காணோமே! அந்த முடிச்சு இருக்குல்லா, அதுக்கு எட்டுதா, அதைச் சொல்லு."

கோமு தன் இடது காலைத் திருப்பினாள். அவருடைய முடிச்சு எங்கே இருக்கிறதோ, தன் காலில் அந்த இடத்தை ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. மடக்கிப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள். தண்ணீர் நாலு விரல்கடை கீழேதான் அடித்தது.

"எட்டுதுன்னு சொல்லுங்க அத்தை" என்று அனுராதா காதருகில் வந்து கிசுகிசுத்தாள்.

சொல்லிவிடலாம். தொட்டி வந்துவிடும், கை பிழைக்கும். ஆனால் அவர் உள்ளே உட்கார்ந்த மறு நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார். அப்படியே கண்டுபிடிக்காவிட்டாலும், கதவைச் சாத்திக்கொண்டு தொட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் யாரிடம் மூட்டைப்பூச்சிக் கதை சொல்லுவார்? எட்டவில்லை என்று சொன்னாலோ, இன்றைக்குச் சாயங்காலமே முக்காலி.

"எட்டலை" என்றாள் கோமு.

"பாத்தீரா வே! நான் அப்பவே..." என்று வெளியே கடைக்காரரிடம் சொல்லத் தொடங்கினார் சிவசைலம்.

"ஆனா எனக்கு நல்லா இருக்கு."

வெளியே சிவசைலம் பலகைப் பக்கம் திரும்பினார்.

"என்னது?"

"எனக்கு நல்லா இருக்குன்னு சொல்லுதேன். எனக்கும் கால் வலிக்கி. எனக்கு இந்தத் தொட்டி வேணும்." கோமு மூச்சு வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்த்து என்றால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நடுவில் பலகை இருந்தது நல்லதாகப் போயிற்று. "இன்னொண்ணு. இனிமே என்னால ஒங்க காலை அமுக்க முடியாது. கை மரத்துப்போவுது. அமுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னைக்குச் சாம்பார்ச் சட்டி அதனாலதான் விழுந்துது."

தொட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. காந்திமதிநாதன் இருமினார். வாசலில் லோடு வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார். லோடு ஒன்றும் வரவேண்டியதில்லை.

உடை மாற்றிக்கொண்டு கோமு வெளியே வர வெகுநேரமாயிற்று. நனைந்த பாவாடைக்குப் பதிலாகப் புருஷனின் மாற்றுவேட்டியைச் சேலைக்கு உள்ளே கட்டியிருந்தாள். சிவசைலம் அந்தப் பெரிய தொட்டி அருகே காந்திமதிநாதனோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

கார் ஆற்றுப்பாலம் தாண்டியது. ஜங்ஷன் தாண்டியது. சீயக்காய்ப் பொட்டலம் அவர் மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வெந்நீரில் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். 'ம்', 'சரி' கூட வரவில்லை. கையைக் காப்பாற்றப் போய்ப் பேச்சைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தாள் கோமு.

சாயங்காலச் செய்தி முடிந்தது. சிவசைலம் டி.வி.யை அணைத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினார். கோமுவுக்குப் பழக்க தோஷம், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும்விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

சிவசைலம் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தம் இடது காலைத் தாமே அமுக்கத் தொடங்கினார். தப்பான இடம். கோமுவின் விரல்கள் துடித்தன. அவர் இன்னும் கொஞ்சம் மேலே அமுக்கினார். அதுவும் தப்பு.

"கோமு."

"ம்" என்றாள் அவள். இன்றைக்கு அவள் முறை.

"அந்த முடிச்சு எங்கன இருக்கு?"

"முட்டுக்குக் கீழ. உள்பக்கமா வாங்க."

"இங்கனயா?"

"இன்னும் கீழ. பெருவிரலை வைங்க. பைய. அங்கன இல்ல, எலும்பை ஒட்டி. ஆங், அதுதான்."

"ஆ!" என்றார் சிவசைலம். "கல்லு மாதிரில்லா இருக்கு! இதையா நீ தெனமும் அமுக்குன?"

"ஆமா."

கொஞ்ச நேரம் அமுக்கினார். பிறகு பேச்சு வந்தது. காந்திமதிநாதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்ட அழகைச் சொல்லிச் சிரித்தார். எண்ணெய்க்கு ஆகாத தொட்டியை நெல்லையில் கொண்டுவந்து விற்கிறவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்றார். கோமுவும் சிரித்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"திங்கக்கிழமை தொட்டி வரும்" என்றார் நடுவில்.

"எந்தத் தொட்டி?"

"பெரிசு."

"ரெண்டு ஆள் உக்காருறதா? அதுக்கு பாத்ரூம்ல எடம் காணாதே! பாலு காலையிலயே சொல்லிட்டுப் போனானே."

"செவரை இடிச்சாப் போச்சு."

"அவன்கிட்ட யாரு சொல்லுவா?"

சிவசைலம் காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் ஓரமாக நகர்ந்தார். காலியான இடத்தைக் கையால் தட்டினார்.

"அதைப் பெறகு பாப்போம். நீ காலை இங்கன நீட்டு."

"ஐய, என்னங்க இது! அனு வந்துருவா."

"வரட்டும். நீட்டுங்கேன்."

கோமு நீட்டினாள். அந்த நீல நரம்புகளை அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொடுவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது.

"எங்கன வலிக்கி? சொல்லு."

கோமு யோசித்தாள். அவருடைய காலில் விரல்கடை சுத்தமாக வழி சொன்னவளுக்குத் தன் கால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

"தெரியலையே" என்றாள்.

"சரி, தேடுவோம்" என்றார் சிவசைலம். பெருவிரலை வைத்தார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சந்தோஷமாகக் கத்திக்கொண்டே வந்தான் பாலசுப்பிரமணியன்.

"அம்மா! கீழ் பாத்ரூம் செவரு பூரா டைல்ஸ் ஒட்டி முடிச்சாச்சு! இனி ஒரு அங்குலம்கூட அசையாது!"